தண்ணீர் ஒருசந்தி

வாந்திபேதியில் விழுந்து எழுந்தவன் என்று இப்போது ஜனங்கள் என்னைச் சுட்டிக் காட்டுகிறார்கள். ஜெபம் சொல்லுகிற மனுஷன், அதனால்தான் பிழைத்தான் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எப்படிப் பிழைத்தேன் என்பது எனக்கும் ஆரோக்கியத்துக்கும் மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆகவே நானே எழுதிவைக்கிறேன். எழுத்துத் தெரிந்தவர்கள் படித்து, தெரியாதவர்களுக்கும் சொன்னால் போதும்.

என் பெயர் சவரிமுத்து. மலாயாவில் ஈப்போ பட்டணத்துக்குப் பக்கம், செமோருக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். ஆரோக்கியம் என் மனைவி. அவளுக்கும் அதே வேலைதான், எனக்கு அடுத்த மர வரிசை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாமியார் ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் கொட்டகையில் ஜெபம் சொல்லிவைப்பது நான். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

ஒரு திங்கட்கிழமை விடியலில் எனக்கு வயிறு போக ஆரம்பித்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு அதில் நிறமே இல்லை. அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்துப் போயிற்று. கூடவே வாந்தி. கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் சதை உருண்டு இழுத்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு முனியாண்டி வந்து எட்டிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் வரவில்லை. அவனும் அதே நேரத்தில் அதே நோவில்தான் கிடந்தான் என்பது பின்னால் தெரிந்தது.

ஆரோக்கியம் எனக்கு லீவு சொல்லப் பெரட்டுக்குப் போனாள். பெரட்டு என்பது விடியலில் வேலையாட்கள் எல்லாரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடும் இடம். அரை மணியில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள்.

“டிரசர் ஐயா பெரட்டுக்கே வந்து நின்னு சொன்னாருங்க. இந்த நோவு அடங்குற வரைக்கும் யாரும் தண்ணியத் தொடப்படாதாம். தொட்டவன் மண்ணுக்குத்தான் போவானாம்.”

“தண்ணியவா?”

“ஆமாங்க. ரெண்டு தடவ சொன்னாரு. ஆம்பளைங்க எல்லாம் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாங்க.”

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். டாக்டர் ஈப்போவில் இருக்கிறார். எங்களுக்கு டாக்டர், தெய்வம் எல்லாம் டிரசர்தான். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமும் வரவில்லை. வயிறு போகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று கப்பலேறி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

அன்று பகல் முழுக்க அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாகம் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த தாகம்தான் ஞாபகம் வரும். இது அதுவல்ல. நாக்கு மரக்கட்டையாகிவிட்டது, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கண்ணை மூடினால் பால் வாளி வாளியாகத் தண்ணீர் தெரிந்தது. பக்கத்து லயத்தில், அந்த வரிசை வீடு ஒன்றில், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு நான் அழுதேன், ஆனால் கண்ணில் நீர் வரவில்லை.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க,” என்றாள் ஆரோக்கியம். “தவசு நாள்ல ஒருசந்தி இருக்கீங்கள்ல, அப்படி நெனச்சிக்குங்க. இது தண்ணி ஒருசந்தி.”

தவசுக் காலத்தில் நாங்கள் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு இருப்பதைத்தான் ஒருசந்தி என்போம். அவள் அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். எனக்குச் சிரிக்க வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ரப்பர் விலை இறங்கிக் கிடந்த சமயம், இரண்டு பேரும் நின்றால் கங்காணி பேரை வெட்டிவிடுவான். அவள் போன பிறகு நான் பாயிலிருந்து அடுப்படி மூலைக்கு ஊர்ந்தேன். நாலு முழத் தூரம்தான், அதற்குள் மூன்று இடத்தில் படுத்துவிட்டேன். பானையின் மூடியைத் தள்ளினேன். சிரட்டையால் மொண்டு குடித்தேன். பாதி வாந்தியாக வந்தது. மறுபடி குடித்தேன். எத்தனை சிரட்டை என்று எண்ணவில்லை. பிறகு சிரட்டையைத் துடைத்து, கவிழ்த்து, மூடியை இருந்த மாதிரியே வைத்து, தரையில் சிந்தியதை என் வேட்டியாலேயே ஒற்றி எடுத்தேன். தொழில் தெரிந்த திருடன்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டான்.

அவள் மத்தியானம் வந்து என் நெற்றியைத் தொட்டாள். “முகம் தெளிஞ்சிருக்கு. மாதா கண்ணத் தொறந்துட்டா,” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமையும் அவள் போனாள், நானும் குடித்தேன். அன்று பானை மறுபடி நிறைந்திருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் ஒன்றும் யோசிக்கவில்லை. என் கவலை எல்லாம் கண்டுபிடித்துவிடுவாளோ என்பதுதான். ஞாயிறு ஞாயிறு எல்லாரையும் முழங்காலில் நிற்க வைத்து ஆசையை அடக்கச் சொல்கிறவன், இரண்டு நாள் தாகத்தை அடக்க முடியாமல் திருடிக் குடித்தான் என்று என் மனைவிக்குத் தெரியக் கூடாது.

அன்று மத்தியானம் அவள் திரும்பி வரும்போது இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது. பானையைக் கழுத்துவரை நிரப்பினாள். மூடியை வைத்தாள். அதற்கப்புறம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எனக்கும் வந்திருச்சிங்க,” என்றாள்.

அவளுக்கு என்னைவிட வேகமாக வந்தது. இருட்டுவதற்குள் கண் குழிக்குள் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் வெகுநேரம் துணி துவைத்த கைபோல் சுருங்கிவிட்டது. குரல் போய்விட்டது, உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. நான் ஒரு துணியை நனைத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வேணாங்க. யாராச்சும் ஒருத்தர் இருக்கணும்.”

நாங்கள் இரண்டு பேரில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்கிறாள் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். நான் குடித்தேன், குடித்தும் சாகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரால்தான் எழுந்தேன் என்று எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். பாதி உண்மைதான் அது. குடித்த பிறகு கால் இழுப்பு நின்றதும் உடம்பு லேசானதும் எனக்குத் தெரியும். வெட்கம் என் வாயை அடைத்துவிட்டது. அவள் தாகத்தோடு கிடக்கையில் அந்தப் பானையில் ஒரு வாய் எடுக்க எனக்கும் முகமில்லை. அப்படியே இரண்டு பேரும் கிடந்தோம். விடிவதற்குள் எனக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டது.

வியாழக்கிழமை டிரசர் லயம் லயமாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்கள் கதவைத் திறந்தார். பார்த்த மாத்திரத்தில் வெளியே போய் லாரியை வரச் சொன்னார். ரப்பர் ஷீட் ஏற்றும் லாரி அது. அந்த நாற்றத்தோடு ஈப்போவுக்குப் போனோம்.

இந்த நோவுக்காரர்களை ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் சேர்ப்பதில்லை. தள்ளி, சுண்ணாம்பு மலையைப் பார்த்த மாதிரி ஓர் ஒதுக்குக் கொட்டகை. நடுவே பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஆம்பிளைகள், அந்தப் பக்கம் பெண்கள். என் கட்டில் தடுப்பை ஒட்டி இருந்தது. அவளையும் தடுப்பை ஒட்டியே போடச் சொல்லி ஆயாவைக் கும்பிட்டேன். அந்த அம்மாள் சரி என்று கட்டிலைத் தள்ளிவிட்டாள். அந்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அங்கே எங்களைப் பார்த்த பெரிய டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். என் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். அது உடனே கீழே இறங்காமல் மடித்த துணி மாதிரி நின்றது. ஆரோக்கியத்திடம் போய் அதையே செய்தார். அவள் தோல் நின்றது நின்றபடி இருந்ததாக ஆயா சொன்னாள்.

“தண்ணி குடுத்தனீங்களோ?” என்று கேட்டார்.

“இல்லீங்க ஐயா.”

“ஏன் குடுக்கேல்லை?”

“தோட்டத்து டிரசர் கூடாதுன்னு சொன்னாருங்க.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஏதோ திட்ட வாயெடுத்து விழுங்கிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன். மனுஷ உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பேதியில் அதுவும் உப்பும் சேர்ந்து வெளியேறுகிறது. வெளியேறினால் இரத்தம் பாகாகத் தடிக்கும், நாடி அடங்கும், கண் குழியும், தோல் கிள்ளினால் நிற்கும், சிறுநீர் நிற்கும். இந்த நோவில் சாகிறவன் பெரும்பாலும் நீர் வற்றித்தான் சாகிறான். போகப் போக ஊற்ற வேண்டும்; கொதித்து ஆறிய தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு, கொஞ்சம் கொஞ்சமாக, வாந்தி வந்தாலும் விடாமல். குடிக்கச் சக்தி இல்லாதவனுக்கு நரம்பு வழியாக ஏற்ற வேண்டும்.

எங்களுக்கு நரம்பில் ஏற்றினார்கள். தலைக்கு மேல் கண்ணாடிப் போத்தலில் உப்பு நீர், அதிலிருந்து சிவப்பு ரப்பர்க் குழாய். நான் வெட்டிய பாலாகக்கூட இருக்கலாம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியத்துக்கு நரம்பு அகப்படவில்லை. எல்லாம் ஒட்டிப் போயிருந்தன. கணுக்காலில் கத்தி வைத்துத் தேடி எடுத்தார்கள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

அடுத்த கட்டிலில் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்யும் சீனக் கிழவர். அவருக்குத் தேறிவிட்டது. அவர் கூட்டாளிகள் வேலிக்கு வெளியிலிருந்து தினம் சூடாகத் தேநீர்க் கெண்டி கொண்டுவந்து வைப்பார்கள். அவர் அதைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி என் வாயருகே நீட்டி, “மினும்லா, மினும்,” என்பார். குடி, குடி என்று அர்த்தம். ஒருவர் என்னைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துகிறார் என்பதே எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. இந்தத் தடவை கண்ணில் நீர் வந்தது.

வெள்ளிக்கிழமை ஆரோக்கியத்துக்குக் குரல் திரும்பிற்று. பலகையில் விரலால் தட்டினாள்.

“இருக்கீங்களா?”

“இருக்கேன் புள்ள. எப்படி இருக்கு?”

“பரவாயில்ல. மரத்துல மங்கெல்லாம் கவுத்து வச்சாங்களோ என்னவோ. மழ வந்தா ரொம்பிடும்.”

மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்றால் பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்று ஒரு நாள் முழுக்க நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நோவில் எனக்குக் கிடைத்த நல்ல நாள் அது ஒன்றுதான்.

பெரிய டிரசர் காலையில் வந்தால் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். “சலம் போச்சோ?” சலம் என்றால் அவர்கள் பேச்சில் சிறுநீர். எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் பிரிந்தது. எண்ணெய்போல் மஞ்சளாக, அரைக் கிண்ணம். தோட்டி அதை ஆட்டிக் காட்டிச் சிரித்தான், சீனக் கிழவர் கையைத் தட்டினார். ஆரோக்கியத்துக்குப் பிரியவில்லை. சனிக்கிழமை காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே கேள்வி காதில் விழுந்தது. ஆயா, “இல்லீங்க,” என்றாள். சாயங்காலமும் இல்லை.

நான் பெரிய டிரசரைக் கேட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல செய்தியை நின்றபடியே சொல்லிவிட்டுப் போகலாம்.

“இடுப்புக்குப் பின்னாலை குண்டிக்காய் இரண்டு இருக்கு. இரத்தத்திலை இருக்கிற கழிவை வடிச்சு விடுறது அதுதான். கனநேரம் தண்ணி இல்லாமல் கிடந்தால் அது செத்துப் போகும். பிறகு நாங்கள் எவ்வளவு ஏத்தினாலும் வடியாது.”

“எவ்வளவு நேரம் ஐயா?”

“ஒரு நாள் முந்தி வந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் ஊதியிருப்பதாக ஆயா சொன்னாள். விக்கல் பிடித்துக்கொண்டது. நீர் வற்றிச் செத்துக்கொண்டிருந்தவள் இப்போது நீர் தங்கிச் சாகிறாள். இதற்கு என்ன நியாயம் என்று நான் கடவுளைக் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். ஜெபம் சொல்லுகிறவன் கேட்கிற மாதிரி இல்லை.

அன்று மத்தியானம் வேலிக்கு அப்பால் முனியாண்டி நின்றான். பக்கத்து வீட்டுக்காரன், வாரக் கூலி வாங்கினால் கள்ளுக்கடையில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். நானே எத்தனையோ முறை புத்தி சொல்லியிருக்கிறேன். தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வாசல்வரை போனேன். என்னோடு அதே திங்கட்கிழமை விழுந்தவன், ஆறு மைல் நடந்து வந்து நிற்கிறான்.

“எப்படி மச்சான் எந்திரிச்ச?” என்றேன்.

“கொடம் கொடமா தண்ணி குடிச்சேன். எம் பொண்டாட்டி ஊத்திக்கிட்டே இருந்தா.”

“டிரசர் தண்ணி கூடாதுன்னாரே?”

“கூடாதுன்னாரு. அதான் அன்னிலேருந்து கடப் பக்கமே போவல.” அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. “மச்சான்… அவரு சொன்னது கள்ளுத் தண்ணிய. ஞாயித்துக்கெழம கடைல குடிச்சவன்தான் மொதல்ல விழுந்தான், அதுக்குச் சொன்னாரு. தோட்டத்துல தண்ணின்னா வேற என்ன? பச்சத் தண்ணியவா வேணாம்பாங்க?”

நான் உள்ளே, பெண்கள் பக்கத்துத் தடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

“நீங்க குடிக்கலியா?” என்றான். “தங்கச்சியும் குடிக்கலியா?”

அவன் தூக்குச்சட்டியை வேலியடியில் வைத்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். குடிகாரனுக்கு அந்தச் சொல் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குடிக்காத வீட்டில்தான் அது கொலை செய்தது.

திரும்பி வந்து கட்டிலில் படுத்தேன். பலகையைத் தட்டினேன். விக்கலுக்கு நடுவே, “ம்,” என்றாள்.

“புள்ள, ஒண்ணு சொல்லணும். நீ வேலைக்குப் போனப்ப நான் தண்ணி குடிச்சிட்டேன். ரெண்டு நாளும் குடிச்சேன்.”

“தெரியும்ங்க.”

“தெரியுமா?”

“செவ்வாக்கெழம வந்து பாத்தேன். பானைல பாதிதான் இருந்துச்சு. நாந்தான் மறுபடி ரொப்பி வச்சேன்.”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா நிறுத்திருவீங்க. தாகத்துல நீங்க துடிச்சத என்னால பாக்க முடியல.” விக்கல் வந்து நின்ற பிறகு மறுபடி பேசினாள். “நீங்க மீறிட்டீங்களேன்னு பயந்து போச்சு. அதான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். அவருக்குப் பதிலா நான் இருக்கேன், அவர விட்டுடுன்னு. யாராச்சும் ஒருத்தர் ஒருசந்தி இருக்கணும்ல.”

அன்று அவள் துணியைத் தள்ளிவிட்டுச் சொன்னது இதைத்தான். நான் அதை உயிரோடு இருப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முனியாண்டி சொன்னதை அவளிடம் சொல்லத்தான் பலகையைத் தட்டியிருந்தேன். நாக்கு நுனிவரை வந்திருந்தது. அப்போது அவள் கேட்டாள்.

“பலிச்சிருச்சில்லங்க?”

“பலிச்சிருச்சு புள்ள,” என்றேன்.

மறுநாள் அவள் தூக்கத்தில் உளறிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய டிரசர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அதிலிருந்து தெரிந்துகொண்டேன். சீனக் கிழவர் தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளை ஆஸ்பத்திரிக்காரர்களே சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். என்னை வாசல்வரைதான் விட்டார்கள். எத்தனையோ பேருக்கு நான் சொன்ன ஜெபம் அவளுக்குப் பாதியில் மறந்துவிட்டது.

அடுத்த வாரம் என்னை அனுப்பினார்கள். கொடுத்த சீட்டை நீட்டிக்கொண்டு தோட்டத்து டிரசர் முன்னால் நின்றேன். அவரை அடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அவர் சீட்டைப் படிக்காமலே தலையைக் குனிந்துகொண்டார். முனியாண்டி முன்பே சொல்லியிருக்கிறான்.

“கள்ளத்தானேப்பா சொன்னேன்,” என்றார். “எல்லாருக்கும் வெளங்குச்சே.”

“குடிக்காதவங்களுக்கு வெளங்கல ஐயா,” என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. அவரும் மனுஷன்தான், தோட்டத்தில் எல்லாரும் பேசுவதைத்தான் பேசினார். வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

வீட்டில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பாய், துணி எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். பானையை மட்டும் யாரும் தொடவில்லை. மூடியைத் திறந்தேன். வெளியே கசிந்து நாலு விரல்கடை குறைந்திருந்தது. மற்றபடி அவள் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது.

எனக்காகத்தான் நிரப்பியிருக்கிறாள். கால் இழுக்க ஆரம்பித்த பிறகும் குழாயடிவரை போய், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, நான் மறைவாகக் குடிப்பதற்காக நிரப்பியிருக்கிறாள்.

அடுப்பு மூட்டினேன். பெரிய டிரசர் சொன்னபடி கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கக் குடித்தேன். அது தீர மூன்று நாள் ஆயிற்று.